அப்பா போன பிறகு காகிதங்களுக்கு ஆன செலவு: கடலூர், புதுச்சேரி அனுபவங்கள்

மூத்த மகள், மஞ்சக்குப்பம்

அப்பா 2024 மார்ச்சில் தவறினார். உயில் எழுதவில்லை. அவர் சம்பாதித்துக் கட்டிய ஒரு வீடு, பேங்கில் 9 லட்ச ரூபாய் டெபாசிட். அவ்வளவுதான் சொத்து. இதற்கு என்ன பெரிய செலவு வந்துவிடும் என்று நினைத்தோம். எல்லாம் முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, ஒரு லட்சத்துக்கு மேல் போனது. இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று கணக்கோடு எழுதுகிறேன்.

முதல் சிக்கல் பெயர். பத்திரத்தில் ஒரு பெயர், பாஸ்புக்கில் இனிஷியலை விரித்து எழுதிய பெயர், இறப்புச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்ட நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம், வி.ஏ.ஓ.விடம் ஒரு கடிதம், அதற்கு நாலு நடை. சம்பளம் பிடித்தம் ஆன நாட்களையும் செலவில்தான் சேர்க்க வேண்டும்.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். அம்மா, நான், தங்கை, தம்பி என்று நாலு பேர் போட்டிருந்தோம். விசாரணைக்கு வந்த வி.ஏ.ஓ. திண்ணையில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆயாவைப் பார்த்து, "இவங்க யாரும்மா?" என்று கேட்டார். அப்பாவோட அம்மா என்றேன். "அப்போ இவங்க பேரு எங்க?" என்றார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த ஆணுக்கு மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஐந்து பேருக்கும் சம பங்கு. எங்களில் ஒருவருக்கும் இது தெரியவில்லை. மனுவைத் திரும்பப் போட்டோம். அந்த வி.ஏ.ஓ.வுக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

அம்மாவும் ஆயாவும் இருப்பது தம்பியோடு. அதனால் வீடு அவனுக்கு, டெபாசிட் எனக்கும் தங்கைக்கும் என்று பேசி முடித்தோம். நாலு பேரும் வீட்டில் எங்கள் பங்கை விட்டுக்கொடுத்து, தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதினோம். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் அந்த வரம்பை 25,000-இலிருந்து 40,000 ஆகவும், பதிவுக் கட்டண வரம்பை 4,000-இலிருந்து 10,000 ஆகவும் உயர்த்திவிட்டார்கள். வீட்டுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு 30 லட்சம், நாங்கள் விட்டுக்கொடுத்த பங்கு 24 லட்சம். முத்திரை 24,000, பதிவு 10,000. பத்திர எழுத்தருக்கு 8,000.

பதிவு அன்று ஆயாவை ஆட்டோவில் கூட்டிப்போனோம். வயது 84. காலமெல்லாம் வயல் வேலை செய்து ரேகையே தேய்ந்துபோன கை. மெஷின் ஏழு தடவை எடுக்கவில்லை. தம்பி தன் வேட்டி நுனியை நனைத்து அவர் கட்டை விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தான். எட்டாவது தடவை எடுத்தது. "எம் புள்ள ஊட்டுக்கு நான் ஏன்டா கையெழுத்துப் போடணும்?" என்று ஆயா கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

பெரிய செலவு பேங்கில்தான். டெபாசிட்டுக்கு நாமினி இல்லை. வாரிசுச் சான்றிதழ் போதாது, கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்று வாங்கி வாருங்கள் என்றார்கள். பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் இது வேறு, தாசில்தார் தர மாட்டார். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கோர்ட் தருவது. வக்கீலுக்கு 35,000, பத்திரிகை விளம்பரத்துக்கு 6,000, அதற்கு மேல் தொகையைப் பொறுத்துக் கோர்ட் கட்டணம். பத்து மாதம். அப்பா உயிரோடு இருந்தபோது ஒரு நாமினி படிவம் நிரப்பியிருந்தால் இந்த அலைச்சலே இருந்திருக்காது. அதற்குக் காசே கிடையாது.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பதில்

அக்கா, பேங்க் விஷயத்தில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி புது விதி போட்டது. நாமினியும் உயிலும் இல்லாவிட்டாலும், வாரிசுகளுக்குள் தகராறு இல்லையென்றால் 15 லட்சம் வரை கோர்ட் சான்று கேட்காமல் எளிய முறையில் கொடுக்க வேண்டும். கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் வரை. காகிதமெல்லாம் சரியாகக் கொடுத்த 15 நாளில் முடிக்க வேண்டும். 2026 மார்ச் 31-க்குள் எல்லா வங்கியும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது உத்தரவு. கிளையில் இன்னும் பழைய பாட்டையே பாடினால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று. பேங்க் டெபாசிட்டில் நாமினி பணத்தை வாங்கலாம், ஆனால் அது அவர் சொத்தாகிவிடாது. இன்சூரன்ஸ் வழக்கு ஒன்றிலும் 1983-ல் சுப்ரீம் கோர்ட் இப்படித்தான் சொன்னது. எங்கள் வீட்டில் இதைப் புரிந்துகொள்ளாமல் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையே நின்றுபோனது.

குருசுக்குப்பம், புதுச்சேரி

எங்கள் கதை வேறு. அப்பா பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், அங்கே ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். இங்கே ஒரு வீடு, பிரான்சில் ஒரு சேமிப்புக் கணக்கு. இந்தியாவில் இறந்தவர் சொத்துக்குப் போடும் எஸ்டேட் வரியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள். பிரான்சில் வரி உண்டு. ஆனால் 2007-இலிருந்து கணவன் மனைவிக்குக் கிடையாது, பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் யூரோ வரை கழிவு. எங்களுக்கு வரி ஒரு பைசா வரவில்லை.

செலவு நொத்தேரிடமும் (பிரான்சில் வாரிசுப் பத்திரங்களை முடித்துத் தரும் சட்ட அலுவலர்) மொழிபெயர்ப்பிலும் வந்தது. இங்கத்திய காகிதம் ஒவ்வொன்றையும் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். பழைய பிரெஞ்சுப் பதிவேட்டில் எங்கள் பெயர்களைக் குடும்பப் பெயர், முதல் பெயர் என்று பிரித்ததில் அண்ணனுக்கு அப்பா பெயர் குடும்பப் பெயர், எனக்கு என் பெயரே குடும்பப் பெயர். இருவரும் ஒரே அப்பாவின் பிள்ளைகள் என்று நிரூபிக்கவே மூன்று மாதம் போனது. பிரான்சுக்கு வெளியே இறந்தால் ஒரு வருடத்துக்குள் பிரெஞ்சு வரித்துறைக்குச் சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும், அங்கேயே இறந்தால் ஆறு மாதம்தான். கருமாதி முடித்த கையோடு தொடங்கிவிடுங்கள்.

கடலூர் முதுநகர்

உயில் இருந்தும் ஏமாற இருந்தேன். சென்னை ஐகோர்ட்டில் புரோபேட், அதாவது உயில் உண்மைதான் என்று கோர்ட் தரும் சான்று, வாங்கினால்தான் செல்லும், ஒன்றரை லட்சம் ஆகும் என்றார் ஒருவர். அப்பா கடலூரில் எழுதிய உயில், சொத்தும் கடலூரில். அதற்குப் புரோபேட் கட்டாயமே இல்லை என்று இன்னொரு வக்கீல் சொன்னார். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரில் ஒருவர் உயிரோடு இருந்தார், அவர் வந்து நின்றார். பட்டா மாறிவிட்டது.

மூத்த மகள், மஞ்சக்குப்பம்

எல்லோருக்கும் நன்றி. ஒன்று சொல்ல விட்டுப்போனது. பத்திரம் பதிந்த நாலாவது மாதம் ஆயாவும் போய்விட்டார். அன்று அவர் ரேகை விழாமல் இருந்திருந்தால், அவருடைய ஐந்தில் ஒரு பங்குக்குப் பெரியப்பா, இரண்டு அத்தை, சித்தப்பா எல்லோரும் வாரிசாகியிருப்பார்கள். ஒரு அத்தை சிங்கப்பூரில் இருக்கிறார். போன வாரம் அம்மாவை பேங்குக்குக் கூட்டிப்போய் நாமினி படிவம் கொடுத்தேன். மூன்று பெயரையும் எழுதுவதா, ஒரு பெயர் போதுமா என்று அம்மா கவுண்டரிலேயே கேட்டுக்கொண்டு நின்றார்.