வெள்ளத்தில் மூழ்கிய மைதானம்: புல்லைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: எங்கள் கால்பந்து அரங்கில் நான்கு நாள் வெள்ளம் நின்று இப்போதுதான் வடிந்தது. புல்லின்மேல் இரண்டு விரல் தடிமனுக்கு வண்டல். காயவிட்டுச் சுரண்டலாமா?

பதில் 1: காயவே விடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே ரப்பர் தள்ளியால் வழித்து, நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். நாங்கள் இரண்டு நாள் தாமதித்தோம். வண்டல் ஓடு மாதிரி இறுகிவிட்டது. புல் போனதுகூடப் பரவாயில்லை, அடியில் இருந்த மணல் படுகை அடைத்துக்கொண்டு மழைநீர் இறங்கவே மறுத்தது. கடைசியில் மேல்மணலையும் தோண்டி எடுத்தோம். அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம். கழிவுநீர் கலந்திருக்கும், கையுறை, பூட்ஸ் கட்டாயம்.

பதில் 2: 2011 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலுள்ள லாங் பார்க் அரங்கின் ஆடுகளமும் இப்படித்தான் முழுக்க மூழ்கியது. தரைக்குக் கீழே உள்ள அறைகளிலும் தண்ணீர் இருக்கிறதா?

கேள்வி கேட்டவர்: ஆமாம், உடைமாற்றும் அறைகளில் இடுப்பளவு.

பதில் 1: அப்படியென்றால் ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். வெளியே ஊறிய மண்ணின் அழுத்தம் சுவரை உள்ளே தள்ளும். ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். அப்புறம், மின்பலகைகளை உலர்த்தி, காப்புத்தடை (கம்பி உறைகள் மின்கசிவைத் தடுக்கும் திறன்) சோதித்த பிறகுதான் மின்சாரம்.