ஆழ்கடல் ரோபோவைப் பக்கத்தில் பார்த்த ராமநாதபுரத்துக்காரர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்

மண்டபத்தான்:
ஆய்வுக் கப்பலில் ஒப்பந்த வேலைக்குப் போயிருந்தேன். பூமத்தியரேகை தாண்டி, கன்னியாகுமரிக்குத் தெற்கே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். கடல் தரையில் கிடக்கும், நிக்கலும் கோபால்ட்டும் கலந்த மாங்கனீசு உருண்டைகளைத் தேடித்தான். நாங்கள் இறக்கியது கேபிள் இல்லாத ரகம். ரேடியோ அலை தண்ணீருக்குள் எடுபடாது என்பதால் எல்லாப் பேச்சும் ஒலியில்தான். ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். 5,000 மீட்டர் கீழே இருப்பதைக் கூப்பிட்டால் பதில் வர ஏழு விநாடி ஆகிறது. அதெல்லாம் பழகிவிடும்.

பழகாதது ஒரே ஒரு படம். ரோபோவை மேலே ஏற்றியதும் அது எடுத்த படங்களை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். சேறு, உருளைக்கிழங்கு அளவில் கறுப்பு உருண்டைகள், மறுபடி சேறு. திடீரென்று நடுவில் ஒரு கடல் அட்டை. ஊதா நிறம், தோல் வழியே வயிற்றுச் சேறு தெரிகிறது. பொறியாளர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். "சார், ஒரு நிமிஷம், பின்னால போங்க" என்றேன். எங்கள் தெருவில் அட்டை வைத்திருந்ததற்காக உள்ளே போனவர்கள் இருக்கிறார்கள். 2001-லிருந்து நம் கடலில் அதைத் தொடவே கூடாது. அங்கே அது ஊர்கிற தரையையே உருண்டையோடு அள்ளுவதற்குக் கணக்கு எடுக்கிறோம், அதற்கு எனக்குச் சம்பளம். அந்தப் படம் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

வல்லம்54:
தம்பி, நீ பார்த்தது நம்ம வெள்ளை அட்டையும் இல்லை, ராஜ அட்டையும் இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பாதே. தடை வந்து அப்பாவின் தொழில் போனது எங்களுக்குத்தான், அந்த ஊதா அட்டைக்கு அல்ல.

என் கதை வேறு. தீவுப் பக்கம் பவளப்பாறை பார்க்க ஒரு குழு என் வல்லத்தை வாடகைக்கு எடுத்தார்கள். கேபிள் கட்டிய சின்ன ரோபோ. நீரோட்டம் திரும்பியதும் மஞ்சள் கேபிள் விசிறியில் சுற்றிக்கொண்டது, இஞ்சின் திணறி நின்றது. கத்தியோடு குதித்தேன். மேலேயிருந்து "வெட்டாதீங்க, வெட்டாதீங்க" என்று ஒரே கத்தல். என் உயிரைவிட அந்த வயர் விலை அதிகமோ என்னவோ. மூச்சை அடக்கி ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தேன். அந்த ரோபோ முழு வெளிச்சத்தையும் என் முகத்தில் அடித்துக்கொண்டு எதிரே நிற்கிறது! மேலே வந்தால் எல்லோரும் டிவிப் பெட்டியில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விசிறி மட்டையில் ஒன்று வளைந்துபோனது. ஒரு பைசா வரவில்லை.

பாசிக்காரி மகள்:
அம்மா பாசி எடுக்கப் போகிறவர். கண்ணாடி மட்டும் போட்டு முங்குவார். கரையில் அதே மாதிரி ரோபோ ஒன்றைச் சோதித்தபோது கிட்டப் போய்க் கேட்டார்: "இது எம்புட்டு நேரம் தம்பி மூச்சுப் பிடிக்கும்?" அந்தப் பையன் சிரிக்கவில்லை. "கரண்டு இருக்கிற வரைக்கும் பிடிக்கும்மா" என்றான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா பேசவில்லை.

பரமக்குடி டிப்ளமோ:
நானும் ஒரு முறை கேபிள் ரோபோ இறக்கியதைத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன், சுமார்தான். மண்டபத்தான் சொல்வதை ஏற்க முடியாது. அந்த உருண்டைகளைத் தேட இந்தியா ஒப்பந்தம் போட்டது 75,000 சதுர கிலோமீட்டர் கடல் தரைக்கு. 2022 டிசம்பரில் ஓ.எம்.இ. 6000 என்ற கேபிள் இல்லாத ரோபோ 5,271 மீட்டர் ஆழத்தில் அலசியது 14 சதுர கிலோமீட்டர். அளப்பது வேறு, அள்ளுவது வேறு. வியாபாரத்துக்கு அள்ளுவதற்கான விதிமுறையே சர்வதேச அளவில் இழுபறியில் கிடக்கிறது. நிக்கலும் கோபால்ட்டும் வேண்டாமென்றால் கையில் இருக்கும் போனைக் கீழே வையுங்கள்.

அப்புறம் நம் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வரவேண்டும். எலக்ட்ரிக்கலோ எலக்ட்ரானிக்ஸோ டிப்ளமோ போதும். ஹைட்ராலிக்ஸ் கூடத் தெரிந்தால் நல்லது. கடலில் உயிர் பிழைக்கும் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்து வையுங்கள், கடைசி நேரத்தில் அலையாதீர்கள். சால்டரிங் கையில் சுத்தமாக வரவேண்டும். உப்புத்தண்ணீர் ஏறிய கனெக்டரைத் திறந்து சரிசெய்யத் தெரிந்தவனுக்குத்தான் கப்பலில் மரியாதை. வாந்தி வருகிறவர்கள் முதலில் ஒரு இரவு விசைப்படகில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஏஜெண்டிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மண்டபத்தான்:
அண்ணே, அளக்காமல் யாரும் அள்ளமாட்டார்கள், அள்ளத்தான் அளக்கிறோம். 1989-ல் பெரு நாட்டுக்கு அப்பால் ஆழ்கடல் தரையைச் சோதனைக்காக உழுதார்கள். 2015-ல் திரும்பப் போய்ப் பார்த்தபோதும் உழுத தடம் அப்படியே கிடந்தது. அந்த உருண்டை சில மில்லிமீட்டர் வளரப் பத்து லட்சம் வருஷம். போனை நான் கீழே வைக்கப்போவதில்லை, அது சரி. ஆனால் படத்தைப் பார்த்தது நான்.

வல்லம்54:
பரமக்குடித் தம்பி, கோர்ஸ் யார் கேட்டது? எனக்கு ஐம்பத்து நாலு வயசு. வளைந்த விசிறிக்கு நஷ்டஈடு எந்த ஆபீஸில் கேட்பது என்று தெரிந்தால் அதைச் சொல்லுங்கள்.