போர் தண்ணியில் நியான் டெட்ரா: தண்ணியை மாத்துறதா, மீனை மாத்துறதா?

வளவுவீடு: காரைக்குடியில எங்க போர் தண்ணியைச் சோதனைக் கிட் வச்சுப் பார்த்தேன். கேஹெச் (தண்ணியோட காரத்தன்மை அளவு) 14, பிஎச் (அமில-கார அளவு) 8.2. 100 லிட்டர் தொட்டி, நியான் டெட்ரா (காரம் குறைஞ்ச தண்ணியில வாழுற சின்ன வண்ண மீன்) 12 விட்டேன். பிஎச் குறைக்கிற மருந்து ஊத்துனா சாயங்காலம் 7-க்கு வருது, விடிஞ்சா திரும்ப 8. மூணு நாள்ல அஞ்சு மீன் போச்சு. மனசு ஆறல. மருந்தைக் கூட்டவா?

தேவகோட்டையான்: கூட்டாதீங்க தம்பி! கேஹெச் 14னா லிட்டருக்கு 250 மில்லிகிராம் காரத்தன்மை. நீங்க ஊத்துற அமிலத்தை அது விழுங்கிட்டுக் கரியமில வாயுவை விடும். அந்த வாயு தண்ணியில இருக்கிற வரைக்கும் பிஎச் இறங்கும், வெளியேறினதும் ஏறும். இந்த ஏத்த இறக்கத்துலதான் மீன் சாகுது. நம்ம தண்ணிக்கு, கடினத் தண்ணியிலயே நல்லா வாழுற கப்பி, மோலி மீன் போதும்.

ஊரணிக்கரை: அண்ணே, ஆசைப்பட்டு வாங்குனவர்கிட்ட மீனை மாத்துன்னா எப்படி? எங்க ஆயா வீட்டுல மழை பெய்ஞ்சா முத்தத்துல வேட்டியைக் கட்டித் தண்ணி பிடிப்பாங்க. மழைத் தண்ணியில கேஹெச் கிட்டத்தட்ட பூஜ்யம். வாராவாரம் 20 லிட்டர் எடுத்துட்டு அதை ஊத்துங்க. 14 முதல் வாரம் 11 ஆகும், மூணாம் வாரம் 7. அப்புறம் பாதி மழை, பாதி போர்னு கலந்து ஊத்துனா அங்கேயே நிக்கும்.

வளவுவீடு: பரண்ல ஒரு செம்புக் கிடாரம் கிடக்கு. அதுலயே பிடிக்கலாமா?

ஊரணிக்கரை: ஐயோ, வேண்டாம். பித்தளையும் வேண்டாம். செம்பு கரைஞ்சா நத்தையும் இறாலும் முதல்ல போகும். காரத்தன்மை குறைஞ்ச தண்ணியில செம்போட விஷம் இன்னும் கூடும். பிளாஸ்டிக் டிரம் வைங்க. முதல் மழையை விட்டுட்டுப் பிடிங்க. சுண்ணாம்புத் தளத்துல இறங்குற தண்ணின்னா காரம் ஏறியிருக்கும், கிட்டுல பார்க்காம ஊத்தாதீங்க.

தேவகோட்டையான்: கணக்கு சரி, ஒத்துக்கிறேன். ஆனா மொத்தமும் மழைத் தண்ணியா ஆக்கிடாதீங்க. மீன் கழிவுல வர்ற அம்மோனியாவை மாத்துற பாக்டீரியா காரத்தன்மையைத் தின்னுக்கிட்டே இருக்கும். கேஹெச் 2-க்குக் கீழ போனா ஒரு ராத்திரியில பிஎச் சரிஞ்சிரும். அப்புறம், கார்த்திகையில பிடிச்சது சித்திரைக்கு வருமா?

ஊரணிக்கரை: வராட்டி ஆர்ஓ தண்ணி கலக்கலாம்ணே.

தேவகோட்டையான்: ஒரு குடம் ஆர்ஓ எடுக்க ரெண்டு மூணு குடம் கழிவுல போகுது. கோடையில குடிதண்ணிக்கு அலையுற ஊர்ல, மீனுக்காக அப்படிக் கொட்ட எனக்கு மனசு வராது. கடைக்கு வர்ற நியான் பெரும்பாலும் பண்ணையில பிறந்தது, கொஞ்சம் கடினத் தண்ணியும் தாங்கும். மருந்தை நிறுத்திட்டு மிச்ச ஏழையும் அப்படியே விட்டுப் பாருங்க.

ஊரணிக்கரை: தாங்குறது வேற, செழிக்கிறது வேற. 14-ல நிறம் மங்கின நியானை நான் பார்த்திருக்கேன்.

வளவுவீடு: மருந்தை இன்னைக்கே நிறுத்திட்டேன். டிரம் வாங்கியாச்சு, மழை வரட்டும். ஆர்ஓ விஷயத்துல அண்ணன் பக்கம்தான் நான். சித்திரையில டிரம் காலியானா போர் தண்ணிக்கே கொஞ்சம் கொஞ்சமா பழக்கிடுறேன். புதுசா இனி நியான் வாங்கல.