அமெரிக்க அரசில் கடைசியில் யார் பேச்சு எடுபடும்?

கணக்கு_டீச்சர்:
வணக்கம். காரைக்குடியில் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். இப்போது டல்லாஸில் மகன் வீட்டில். சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ நெருங்குகிறது. மருமகள் கேள்விகளை அட்டையில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். தோசை மாவு எடுக்கும்போதெல்லாம் ஒன்று படிப்பேன். 'அரசின் ஒரு கிளை மட்டும் மிஞ்சிப் போகாமல் தடுப்பது எது?' என்ற அட்டையில் மாட்டிக்கொண்டேன். பதில்: ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் ஏற்பாடு. சரி, மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் தேற்றத்தை ஒப்பித்துவிட்டு நிரூபணத்தை விட்டுவிடும் பிள்ளைக்கு நான் பாதி மார்க்தான் போடுவேன்.

காங்கிரஸ், அதாவது இங்கத்திய நாடாளுமன்றம், சட்டம் போடும். அதிபர் அதை வீட்டோ செய்து தடுக்கலாம். இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருந்தால் வீட்டோவையும் தாண்டலாம். அந்தச் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லலாம். அந்த நீதிபதிகளை நியமிப்பதோ அதிபர், மேல்சபையான செனட் ஒப்புக்கொண்டால். சுற்றிச் சுற்றி வருகிறதே! யார் பேச்சுதான் எடுபடும்?

நியூஜெர்சி_வாசி:
அம்மா, இன்டர்வியூவில் நிரூபணம் எல்லாம் கேட்கமாட்டார்கள். ஒரு வரி சொன்னால் போதும். தைரியமாகப் போய் வாருங்கள்.

கோப்புக்காரன்:
டீச்சர், நான் குடியேற்ற வழக்கு பார்க்கும் வக்கீல் ஆபீஸில் வேலை செய்கிறேன். உங்களுக்கு நிரூபணமாக ஒரு வழக்கையே சொல்கிறேன்.

ஜகதீஷ் சாடா கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர், கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். 1966-ல் மாணவர் விசாவில் அமெரிக்கா வந்தார். 1972-ல் விசா முடிந்தது. திரும்பிப் போக முடியாத நிலை. 1974-ல் குடியேற்ற நீதிபதி அவரை நாடு கடத்துவதை நிறுத்திவைத்தார். (பெயர்தான் நீதிபதி. அவர் அதிபரின் நிர்வாகத்துக்குக் கீழே வருகிறவர்.) விஷயம் முடிந்தது என்றுதானே நினைப்போம்? அன்றைய சட்டப்படி, காங்கிரஸின் ஏதாவது ஒரு சபை தீர்மானம் போட்டால் அந்த முடிவை ரத்து செய்யலாம். 1975 டிசம்பரில் பிரதிநிதிகள் சபைக்கு 340 பேர் பட்டியல் வந்தது. அதில் ஆறு பேரைப் பிடித்து 'இவர்கள் போகட்டும்' என்று தீர்மானம் போட்டார்கள். விவாதமும் இல்லை, யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்ற பதிவும் இல்லை. ஆறில் ஒருவர் சாடா.

அவர் விடவில்லை. 1983-ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்துக்குச் சமமான காரியம் செய்வதென்றால் இரண்டு சபையும் நிறைவேற்ற வேண்டும், அப்புறம் அதிபரின் கையெழுத்துக்குப் போக வேண்டும், குறுக்கு வழி கிடையாது என்று. அப்போது இருநூறு சட்டங்களில் இந்தக் குறுக்கு வழி இருந்ததாம். ஒரு மனிதரின் விசா கோப்பு அத்தனையையும் ஆட்டிவிட்டது.

இதன் வால் 2019 வரை நீண்டது. அதிபர் அவசரநிலை அறிவித்தால், இரண்டு சபையும் சேர்ந்து தீர்மானம் போட்டே முடித்துவைக்கலாம், அவர் கையெழுத்து வேண்டாம் என்றது 1976-ம் வருஷச் சட்டம். சாடா தீர்ப்புக்குப் பிறகு அது நிற்காது. 1985-ல் திருத்தினார்கள். அந்தத் தீர்மானமும் இப்போது அதிபர் மேசைக்குப் போயாக வேண்டும். 2019-ல் டிரம்ப் எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் கேட்டார். அரசு அலுவலகங்களில் ஒரு பகுதி 35 நாள் மூடிக் கிடந்த பிறகு காங்கிரஸ் கொடுத்தது 137.5 கோடி. அவர் அவசரநிலை அறிவித்து வேறு கணக்கிலிருந்து பணத்தைத் திருப்பப் பார்த்தார். இரண்டு சபையும் 'கூடாது' என்றன. மார்ச் 15-ல் வீட்டோ. பிரதிநிதிகள் சபை மறுபடி ஓட்டெடுத்தது: 248-க்கு 181. எடுபடவில்லை.

கணக்கு_டீச்சர்:
தம்பி, மொத்தம் 429 ஓட்டு. மூன்றில் இரண்டு என்றால் 286. 38 குறைந்துவிட்டது. பாதிக்கு மேலே நன்றாகவே இருந்தும் தோற்றிருக்கிறார்களே! வழக்கில் ஜெயித்தது சாடா, லாபம் போனது அதிபர் மாளிகைக்கா?

கோப்புக்காரன்:
அப்படித்தான், டீச்சர். தங்களைத் தாங்களே கட்டிப்போட்ட சட்டத்தை மாற்றப் போனாலும், அதிபர் வீட்டோ செய்தால் அவர்களுக்கு அந்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். எனக்குத் தீர்ப்பு சரி என்றுதான் படுகிறது, விளைவு பிடிக்கவில்லை.

பழைய_செய்தித்தாள்:
எப்போதும் அதிபர் கைதான் ஓங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 1952-ல் கொரியப் போர் நேரம். எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் வரப்போகிறது என்று அன்றைய அதிபர் ட்ரூமன் ஆலைகளை அரசின் கையில் எடுத்தார். இரண்டு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றம் 6-3 என்று 'செல்லாது' என்றது. நீதிமன்றத்திடம் படையும் இல்லை, பணமும் இல்லை. ஆனாலும் ட்ரூமன் அன்றைக்கே ஆலைகளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

கணக்கு_டீச்சர்:
நன்றி, தம்பிகளா. அட்டையில் மருமகள் எழுதிய பதிலுக்குக் கீழே பென்சிலால் '286' என்று எழுதிவிட்டேன். பேரன் அது என்ன என்று கேட்டான். சாடா கென்யாவை விட்டுக் கிளம்புவதற்குள் பையன் ஓடிவிட்டான்.