எழுந்து நின்றதும் கண் இருட்டுவது, நின்ற இடத்தில் மயங்குவது: உங்கள் வீட்டு அனுபவங்களைச் சொல்லுங்கள்

கரூர் மகள்

அப்பாவுக்கு வயது 76. இருபது வருடத்துக்கும் மேலாகச் சர்க்கரை. கட்டிலை விட்டு எழுந்து நாலு எட்டு வைத்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வரும். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பார். ஓர் இடத்தில் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று பட்டை மாட்டிவிட்டார்கள். இன்னோர் இடத்தில் காதுக் கோளாறு என்று தலைசுற்றல் மாத்திரை. பிபியை எப்போதும் உட்காரவைத்தே பார்த்தார்கள். அது 150, 160 என்று காட்டும், உடனே பிரஷர் மாத்திரையைக் கூட்டுவார்கள். கூட்டக் கூட்ட அப்பா விழுவதும் கூடியது.

கடைசியாகப் பார்த்த முதியோர் நல மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "படுத்திருக்கும்போது வருகிறதா, எழுந்த பிறகா?" என்பதுதான். அப்பாவைக் கொஞ்ச நேரம் படுக்கவைத்து பிபி பார்த்தார்: 158/86. கையில் கட்டிய பட்டையைக் கழற்றாமல் அப்படியே எழுப்பி நிறுத்தி மறுபடி பார்த்தார்: 112/68. நின்று மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தாலே கவனிக்க வேண்டிய விஷயமாம். அப்பாவுக்கு மேல் அளவு 46 இறங்கியிருந்தது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. ஆனால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் மூளையின் அடியில் இருக்கும் முகுளத்துக்குச் சேதி போய்விடும். முகுளம் இதயத்தை வேகமாகத் துடிக்கவைக்கிறது, கால், வயிற்றுப் பக்கத்து ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. எல்லாம் சில விநாடிக்குள். அப்பாவுக்கு நாள்பட்ட சர்க்கரையால் இந்த உத்தரவைக் கொண்டுபோகும் நரம்புகள் பழுதாகிவிட்டன. போதாததற்கு, சிறுநீர் தடையில்லாமல் போக புராஸ்டேட்டுக்காகச் சாப்பிட்ட மாத்திரையும் ரத்தக்குழாயைத் தளர்த்துகிற ரகம்.

மாத்திரைகளை மருத்துவரே மாற்றி அமைத்தார். எழுவதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர், கட்டிலில் கொஞ்ச நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்த பிறகே எழுவது, கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி வைப்பது என்று சிலவும் சொன்னார். இப்போது கிறுகிறுப்பு முழுதாகப் போகவில்லை என்றாலும் விழுவது நின்றிருக்கிறது. ஒரு நிமிட வேலை, நிற்கவைத்து பிபி பார்ப்பது. அதை ஒருவர்கூடச் செய்யவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பரேடு மைதானம்

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தேன். சுதந்திர தின ஒத்திகையில் வெயிலில் விறைப்பாக நிற்கும்போது யாராவது சாய்வது வழக்கம். எனக்குப் பக்கத்தில் நின்றவன் விழுவதற்கு முன் இரண்டு முறை கொட்டாவி விட்டான், உதடு வெளுத்தது, மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. பிறகுதான் சரிந்தான். இன்றுவரை யார் முகத்திலாவது அந்த வெளுப்பைக் கண்டால் உடனே உட்காரவைத்துவிடுவேன்.

இது கரூர் மகளின் அப்பாவுக்கு வந்ததிலிருந்து வேறு. நரம்புகள் நன்றாகவே இருக்கும். நெடுநேரம் அசையாமல் நிற்கும்போது ஒரு கட்டத்தில் மூளையே தலைகீழாக உத்தரவு போட்டுவிடுகிறது: இதயம் மெதுவாகிறது, ரத்தக்குழாய்கள் தளர்கின்றன. தலைக்கு ரத்தம் போவது நின்றால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பிவிடும். எங்கள் ஹவில்தார் பூட்ஸுக்குள் கால்விரலை மடக்கி மடக்கி நீட்டச் சொல்வார், கெண்டைக்கால் சதையை இறுக்கிவிடச் சொல்வார். அந்தச் சதை இறுகினால் காலில் தேங்கிய ரத்தம் மேலே ஏறும்.

விழுந்தவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள், நாற்காலியில் உட்காரவைக்கவும் வேண்டாம். மட்டமாகப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள்.

சேலம் வாசகி

ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தினாலே எனக்கு இது வரும். காலைக் குறுக்கே போட்டு, தொடையையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார் ஒரு செவிலியர். பலன் இருக்கிறது. இப்போதெல்லாம் படுத்துக்கொண்டே ரத்தம் கொடுக்கிறேன்.

வேலூர்ப் பக்கம்

என் கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டவர். கழுத்துக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வேலூர் பாகாயத்தில் இருக்கும் மறுவாழ்வு மையத்தில் தங்கிப் பயிற்சி எடுத்தோம். 1954 விபத்தில் தானே தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966-ல் உருவான இடம் அது. நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பது போலவே வீட்டுக்காரர்களுக்கும் அங்கே சொல்லிக்கொடுப்பார்கள். அதில் ஒன்று என் கணவரின் உயிரையே காப்பாற்றியது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ராத்திரி, தலை பிளக்கிறது என்று கத்தினார். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை ஊற்றியது. கையிலும் காலிலும் மட்டும் ரோமம் சிலிர்த்து ஜில்லென்று இருந்தது. எப்போதும் 95/60 என்று இருக்கும் பிபி 190-ஐத் தாண்டிவிட்டது. நாடியோ 50-க்குப் பக்கத்தில். வந்திருந்த மைத்துனர் தன் பிரஷர் மாத்திரையை எடுத்துவிட்டார். நான் விடவில்லை. கணவரை நேராக உட்காரவைத்துக் காலைத் தொங்கவிட்டேன், இடுப்பில் இறுக்கமாக இருந்ததைத் தளர்த்தினேன், பிறகு யூரின் டியூபைத் தொடக்கத்திலிருந்து கையால் தடவிக்கொண்டே வந்தேன். தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்தியதும் பை சரசரவென்று நிறைந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகத்தின் சிவப்பு இறங்கியது, பிபியும் இறங்கியது.

மூத்திரப்பை நிரம்பி வழிகிற சேதி தண்டுவடத்துக்குள் போகிறது. அடிபட்ட இடத்தைத் தாண்டி மேலே ஏற முடியாமல் கீழேயே ஓர் எதிர்வினை கிளம்பி, உடம்பின் கீழ்ப்பாதி ரத்தக்குழாய்கள் எல்லாம் சுருங்கிவிடுகின்றன. பிபி ஏறுவது மூளைக்குக் கழுத்துத் தமனி வழியாகத் தெரிந்துவிடும். தளர்த்தச் சொல்லி உத்தரவும் போடும். ஆனால் அந்த உத்தரவு தண்டுவடம் வழியாகத்தானே இறங்க வேண்டும்? அதுதான் அறுந்து கிடக்கிறதே. இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு மட்டும் மண்டை ஓட்டிலிருந்து நேரே இறங்குகிறது, அதனால் நாடியை மட்டும் மெதுவாக்க முடிகிறது. இதைக் கேட்ட பிறகுதான், ஒன்றும் யோசிக்காமல் நாம் விடும் ஒவ்வொரு மூச்சுக்கும் பின்னால் மூளை எவ்வளவு வேலை பார்க்கிறது என்று எனக்குப் புரிந்தது.

இதற்கு ஆட்டோனாமிக் டிஸ்ரெஃப்ளெக்ஸியா (autonomic dysreflexia) என்று பெயர். மார்பு மட்டத்தில் ஆறாவது தண்டுவடப் பகுதியிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு இது வரலாம். டியூப் அடைப்பு, மலச்சிக்கல், படுக்கைப்புண், கால் நகம் உள்ளே வளர்வதுகூடக் காரணமாகலாம். காரணம் கிடைக்கவில்லை, பிபி இறங்கவில்லை என்றால் அரை நொடி தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். போகும் இடத்தில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எங்களுக்கு ஓர் இடத்தில் "டென்ஷன்தான்" என்று சொல்லப் பார்த்தார்கள். வழக்கமான பிபி எவ்வளவு, இந்த நிலை என்ன என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி லேமினேட் செய்து சக்கர நாற்காலிப் பையிலேயே வைத்திருக்கிறோம்.

மதுரை மருமகன்

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தபோது வார்டில் பிபி 196/104. ஒரு பொட்டு மாத்திரை தரவில்லை. நாங்கள் சண்டைக்கே போய்விட்டோம். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான் என்று காட்டி மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். சாதாரணமாக பிபி ஏறினாலும் இறங்கினாலும் மூளை தன் குழாய்களைச் சுருக்கியும் விரித்தும் ரத்த ஓட்டத்தை ஒரே சீராக வைத்துக்கொள்ளும். அடைப்புக்குப் பக்கத்தில் சாகாமல் ஊசலாடிக்கொண்டிருக்கும் பகுதியில் அந்தத் திறன் போய்விடும். அங்கே பிபி இருந்தால்தான் ரத்தம் போகும். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிற மாதிரி. சட்டென்று இறக்கினால் தப்பிக்க வேண்டிய பகுதியும் செத்துவிடும்.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடாதவர்களுக்கு 220/120-ஐத் தாண்டும்வரை முதல் ஒரு நாள் பெரும்பாலும் கை வைக்க மாட்டார்களாம். ஊசி போடுவதென்றால் 185/110-க்குக் கீழே கொண்டுவந்த பிறகே போடுவார்கள். மூளைக்குள் ரத்தக்கசிவு என்றால் கணக்கே வேறு, இறக்கத்தான் வேண்டும். எது என்று ஸ்கேன் பார்க்காமல் தெரியாது. அதனால் வீட்டில் யாருக்காவது வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் பிரஷர் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். நேரே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

சேலம் வாசகி

கரூர் மகள், வீட்டிலேயே நின்றுகொண்டு பிபி பார்ப்பது எப்படி? என் அம்மாவும் பூஜை அறையில் எழுந்ததும் தள்ளாடுகிறார்.

கரூர் மகள்

ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை பாருங்கள். பட்டையைக் கழற்றாமல் எழுப்பி, நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று. நிற்கும்போது கை தொங்கக் கூடாது, இதயத்துக்கு நேராக மேசையிலோ உங்கள் தோளிலோ தாங்கிப் பிடிக்க வேண்டும். பின்னால் ஒரு நாற்காலி போட்டு ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள். கண் இருட்டுகிறது என்று சொன்னால் உடனே உட்காரவையுங்கள், எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். காலையில் எழுந்ததும் ஒருமுறை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை எடுத்தால் நல்லது; வயதானவர்களுக்குச் சாப்பிட்டபின் ரத்தம் குடலுக்குப் போய் பிபி இறங்குவதும் உண்டு. எண்களோடு, அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.