மறு: டிஆர்எம்: ‘நேரடி வரைவு மேலாளர்’ சரிவருமா?

வணக்கம். டிஆர்எம் (டைரக்ட் ரெண்டரிங் மேனேஜர்) என்பது லினக்ஸ் கெர்னலில், அதாவது இயக்கமுறைமையின் மையப் பகுதியில், வரைகலை அட்டையைக் கையாளும் பகுதி. நம் கலைச்சொல் பட்டியலில் அதற்குத் தமிழ்ப் பெயர் வைப்பது பற்றியது இந்த மடல்.

> ‘நேரடி வரைவு மேலாளர்’ என்றே வைத்துவிடலாம். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பொருந்துவதில்தான் சிக்கல். ‘நேரடி’ என்பது, திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சேவையக மென்பொருளான எக்ஸ்ஃப்ரீ86-இன் 4.0 பதிப்பு 2000-இல் வந்த காலத்து அடைமொழி. அதுவரை முப்பரிமாணக் கட்டளைகள் பெரும்பாலும் எக்ஸ் சேவையகத்தின் கை வழியாகவே அட்டைக்குப் போயின. அந்தச் சுற்று இல்லாததால் ‘நேரடி’ என்றார்கள். இன்று இதைப் படிக்கிற மாணவர், பயனர் நிரலே அட்டையின் பதிவகங்களில் (அட்டையைக் கட்டுப்படுத்தும் சிறு நினைவிடங்களில்) எழுதுகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். லினக்ஸில் பொதுவாக நடப்பது வேறு.

நிரல் சாதனக் கோப்பை (அட்டையை அணுகக் கோப்பு வடிவில் உள்ள வாயிலை) திறக்கிறது, கெர்னலிடம் நினைவகத் துண்டு கேட்டு வாங்குகிறது, அதில் கட்டளைகளை நிரப்புகிறது, பிறகு ஓர் ஐஓசிடிஎல் அழைப்பில் (அந்தக் கோப்பு வழியே கெர்னலிடம் வேலை சொல்லும் அழைப்பில்) ஒப்படைக்கிறது. வரிசையில் போட்டு அட்டையிடம் தருவது கெர்னலில் உள்ள இயக்கி. இந்தக் கெடுபிடி ஏன்? வரைகலை அட்டை மையச் செயலியைக் கேட்காமல் தானே முதன்மை நினைவகத்தைப் படிக்கும், எழுதும். கட்டளையில் ஒரு முகவரி தவறினால் அடுத்த நிரலின் தரவும் போகும், கெர்னலின் தரவும் போகும். பழைய ரேடியான் அட்டைகளில் நிரலுக்கொரு பக்க அட்டவணை (எந்த முகவரி நினைவகத்தில் எங்கே என்று காட்டும் பட்டியல்) கிடையாது. அதனால் இயக்கி கட்டளைத் தொகுப்பைப் படித்து, முகவரிகளையும் துண்டின் அளவையும் சரிபார்த்த பிறகே அனுப்பும். புதிய அட்டைகளில் நிரல்தோறும் தனி முகவரி வெளி உண்டு. அட்டவணையைக் கெர்னல் நிரப்புகிறது, வரம்பு மீறலை வன்பொருளே மறிக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு: ‘வரைகலை நடுவர்’.

—

> ‘வரைகலை நடுவர்’

ஐயா, கருத்து சரி, விகுதி இடிக்கிறது. உலாவி, செயலி, இயக்கி என்று மென்பொருளுக்கெல்லாம் இகரத்தில் முடித்துவிட்டு இதை மட்டும் ஆளாக்குவானேன்? ‘மேலாளர்’ என்பதிலும் இதே குறை. போதாததற்கு எண்ணிம உரிமை மேலாண்மைக்கும் ஆங்கிலத்தில் இதே மூன்றெழுத்து. தமிழிலும் ‘மேலாண்மை’ வந்தால் குழப்பத்தை நாமே இறக்குமதி செய்தவர்களாவோம்.

‘வரைகலை முறைப்படுத்தி’ என்கிறேன். யார் முறை என்பதும் இதில் இருக்கிறது, எது முறை என்பதும் இருக்கிறது. திரைக்கும் இது ஒத்துவரும். 2009-இல் வந்த கெர்னல் 2.6.29 முதல் திரைத் தெளிவையும் புதுப்பிப்பு வீதத்தையும் கெர்னலே அமைக்க வழி வந்தது. அதற்கு முன் எக்ஸ் ரூட் உரிமையோடு ஓடிப் பதிவகங்களைத் தானே மாற்றும். கெர்னல் நிலைகுலைந்தால் அந்தச் செய்தியைத் திரையில் காட்டக்கூட வழி இருக்காது.

ஓர் அட்டைக்கு டிஆர்எம் தரும் சாதனக் கோப்புகள் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். கார்டு0 ‘முதன்மை முனை’. திரையை மாற்றும் உரிமை இதன் வழியேதான், அதுவும் ஒரு நேரத்தில் ஒருவருக்கே. ரெண்டர்டி128 ‘வரைவு முனை’; கணக்கிடலாம், வரையலாம், திரையைத் தொட முடியாது. தொட முயன்றால் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற பிழைதான் திரும்பும். சாதனக் கோப்பைக் கெர்னல் அடையாளம் காணும் எண்களில் பெரிய எண் இரண்டுக்கும் 226, வரைவு முனைகளின் சிறிய எண் 128-இல் தொடங்கும். உதவிக் குறிப்புகளில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: பல வழங்கல்களில் பயனர் ‘ரெண்டர்’ குழுவில் இல்லாவிட்டால் வரைவு முனை திறக்காமல் போகலாம். நிரல் நிற்காது, மெசா என்ற வரைகலை நூலகம் சத்தமில்லாமல் மையச் செயலியில் வரையத் தொடங்கும், எல்லாம் ஆமை வேகத்தில் போகும். பயனர் அட்டையைக் குறைசொல்வார்.

—

‘முறைப்படுத்தி’க்கு என் ஆதரவு. ‘நடுவர்’ஐத் திரும்பப் பெறுகிறேன்.

அதே பட்டியலில் ‘அடையாள எண்’ இரண்டு இடத்தில் வருகிறது. அதை விடக்கூடாது. முதலாவது, நினைவகத் துண்டின் கைப்பிடி. திறந்த கோப்புக்குள் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு. உங்கள் நிரலின் 5-ஆம் துண்டும் என் நிரலின் 5-ஆம் துண்டும் வேறு வேறு. இரண்டாவது, ஃபிளிங்க் என்ற ஐஓசிடிஎல் அழைப்பு துண்டுக்குத் தரும் 32-பிட் பெயர். சாதனம் முழுவதற்கும் பொது, எளிதில் ஊகிக்கலாம். முதன்மை முனையில் அங்கீகாரம் பெற்ற எந்த நிரலும் எண்களை வரிசையாக முயன்று அடுத்தவர் சாளரத்தைப் படித்துவிட முடியும். கோப்பு விவரிப்பியை (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்ணை) சாக்கெட் வழியே, அதாவது நிரல்களுக்கிடையே உள்ள இணைப்பு வழியே, கையளிக்கும் முறையில் இந்த ஓட்டை இல்லை. கொடுத்தால் ஒழியக் கிடைக்காது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் பாதுகாப்புக் குறிப்பு முழுவதும் பொருளற்றுப் போகும். ‘கைப்பிடி’, ‘பொதுப்பெயர்’ என்று பிரித்துவிடுகிறேன்.

மீதியிருப்பது ஃபென்ஸ். ‘வேலி’ வேண்டாம். அட்டை வேலையை முடித்ததும் எழும் குறிப்பு அது, எதையும் அடைப்பதில்லை. ‘முடிவுக்குறி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அட்டை தொங்கி மீட்டமைக்கப்பட்டால் பிழையோடும் அந்தக் குறிப்பு எழும் என்பதால், அதை ‘வெற்றிக்குறி’ என்று யாரும் திருத்திவிட வேண்டாம்.