புதுப்பிப்பு: மைனிங் பூல் பணம் வாலட்டுக்கு வந்துவிட்டது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. வியாசர்பாடி வீட்டில் ஒரே ஒரு பிட்காயின் மைனிங் மெஷின் (கணக்குப் போட்டு பிட்காயின் சம்பாதிக்கும் கம்ப்யூட்டர்) ஓட்டுகிறேன். பூலில் (பலர் மெஷின்களைச் சேர்த்து ஓட்டி வருமானத்தைப் பங்கிடும் குழு) பேலன்ஸ் ஏறுகிறது, ஆனால் ஒன்றரை மாசமாக என் பிட்காயின் வாலட்டுக்கு ஒன்றும் வரவில்லை என்று கேட்டிருந்தேன்.

"குறைந்தபட்ச பேஅவுட் எவ்வளவுன்னு பாருங்க தம்பி" என்று ஒரு அண்ணன் எழுதியதுதான் சரி. பேலன்ஸ் அந்த அளவைத் தொட்டால்தான் பூல் பணம் அனுப்பும். அது 0.005 பிட்காயின் என்று இருந்தது. 0.001 ஆகக் குறைத்தேன், மறுநாள் காலையில் வந்துவிட்டது.

பூல் கணக்கில் தனியாகத் தெரிந்த 'முதிராத' (இன்னும் எடுக்க முடியாத) தொகையிலும் தப்பில்லை. புது பிளாக்கை (பிட்காயின் பதிவேட்டில் சேரும் ஒரு பக்கம் மாதிரி) கண்டுபிடித்ததற்குக் கிடைக்கும் பரிசை, அதன்மேல் 100 பிளாக் சேரும்வரை யாரும் செலவழிக்க முடியாது. சுமார் 17 மணி நேரம்.

எதிர்பார்க்காதது கரண்ட் கட். நான் இருந்த பிபிஎல்என்எஸ் (PPLNS) என்ற பங்கீட்டு முறையில், பூல் பிளாக் கண்டுபிடிக்கும்போது, கடைசியாக வந்த ஷேர்களுக்குத்தான் (மெஷின் வேலை செய்ததற்கு பூலுக்கு அனுப்பும் சான்று) பங்கு. மெஷின் நின்றால் நம் பழைய ஷேர்கள் கணக்கிலிருந்து நழுவிவிடும். அதனால் எஃப்பிபிஎஸ் (FPPS) என்ற இன்னொரு முறைக்கு மாறிவிட்டேன். கட்டணம் கூடுதல்தான், ஆனால் அனுப்பிய ஒவ்வொரு ஷேருக்கும் காசு உண்டு.